டீச்சரைக் கேளுங்கள்: ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு விடுமுறை

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் ரகமே மாறிவிடும். இந்த முறை பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வெளியூர் போகக் கையில் காசில்லை, வீட்டிலேயே அடைந்து கிடக்கவும் முடியவில்லை, சுற்றுவட்டாரத்திலேயே ஏதாவது செய்ய வழி உண்டா? ரிட்டையர் ஆன புவியியல் டீச்சரிடம் கேட்டால் வரைபடத்தைத்தான் நீட்டுவாள் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறீர்கள். நீட்டுகிறேன்.

கேள்வி: டீச்சர், வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. இந்த வருஷம் எங்கேயும் போக முடியாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். "சரி, பக்கத்திலாவது போகலாம்" என்றால், "பக்கத்தில் என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை.
— இரண்டு பிள்ளைகளின் அம்மா

பதில்: அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. வாயால் பதில் சொல்லாதீர்கள். உங்கள் பகுதியின் வரைபடத்தை அச்செடுத்து மேசைமேல் விரியுங்கள். வீட்டைப் புள்ளியாக வைத்து, அளவு பார்த்து, காம்பஸால் ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். சாதாரணமாக நடந்தாலே ஒரு மணி நேரத்தில், கொஞ்சம் கூடக் குறைய, அதன் விளிம்பைத் தொட்டுவிடலாம். ஆனால் அதற்குள் அடங்கும் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்கும் மேல்! ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்று ஸ்கூலில் படித்ததுதான், நம் வீட்டைச் சுற்றிப் போட்டுப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

இப்போது ஆளுக்கொரு நிறப் பென்சில். அவரவர் காலால் நடந்த தெருவுக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தது கணக்கில் சேராது. கடைசியில் என்ன தெரியும் தெரியுமா? பள்ளிக்கு ஒரு கோடு, வேலைக்கு ஒரு கோடு, கடைகளுக்கு ஒரு கோடு, சொந்தக்காரர் வீட்டுக்கு ஒன்று. வட்டத்தில் மீதியெல்லாம் வெள்ளை. "பக்கத்தில் என்ன இருக்கு" என்று கேட்டார்களே, அந்த வெள்ளையைக் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். "பூங்காவுக்குப் போகலாம் வாங்க" என்று கிளம்பினால் அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் கால் வலித்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். கேள்வி கையில் இருந்தால் எந்தத் தெருவும் நடக்கத் தோதானதுதான்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன்: நம் வீட்டு வாசலில் விழும் மழை கடைசியில் எங்கே போகிறது?

மழை விட்ட கொஞ்ச நேரத்தில் கிளம்புங்கள். வாசலில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சமதளம் என்று இத்தனை நாள் நீங்கள் நம்பிய தெருவுக்கு ஒரு சரிவு இருக்கும், தண்ணீருக்கு அது தெரியும். அதன் பின்னாலேயே போங்கள். ஓரக் கால்வாய், அதன் இரும்பு மூடி, அங்கிருந்து பெரிய கால்வாய். நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் தரைக்குள் மறைந்துவிடும். அங்கேதான் சுவாரசியம் ஆரம்பிக்கிறது. இனி கண்ணுக்குத் தெரியாததைத் துப்பறிய வேண்டும். நேராகப் போகும் தெருக்களுக்கு நடுவே ஒரு தெரு மட்டும் காரணமில்லாமல் வளைந்து நெளிந்து போனால் சந்தேகப்படுங்கள், அது ஒரு காலத்தில் ஓடையின் கரையாக இருந்திருக்கலாம். ஒரு வரிசை வீடுகளின் சுவர் மட்டும் கீழிருந்து ஈரம் ஏறிக் கிடந்தாலும், தெருப்பெயரில் பாலமோ கரையோ துறையோ இருந்து தண்ணீர் மட்டும் இல்லாவிட்டாலும் அதே சந்தேகம்தான். ஒரு மூடியின் மேல் காது வைத்தால் உள்ளே சலசலப்பு கேட்கும். பெரியவர்களே குனிந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

லண்டனின் ஃப்ளீட் ஆறு இப்படித்தான். ஃபாரிங்டன் சாலைக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தின் பக்கத்தில் தேம்ஸில் கலக்கிறது. மேலே நடப்பவர்களில் எத்தனை பேருக்குக் காலடியில் ஆறு இருப்பது தெரியுமோ! சியோல் நகரில் சொங்கேசோன் என்ற ஓடையைக் கான்கிரீட் போட்டு மூடி அதன்மேல் விரைவுச்சாலையே கட்டியிருந்தார்கள். பிறகு அந்தச் சாலையை இடித்து, 2005-ல் ஓடையை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் காலடியில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது.

மழை கொட்டும்போதோ வெள்ளம் ஓடும்போதோ போகாதீர்கள். மூடியில்லாத கால்வாய்ப் பக்கம் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஒரே நாளில் கடைசி வரை போய்ச் சேராவிட்டால் இன்னும் நல்லது, அடுத்த வாரத்துக்கும் வேலை இருக்கிறது.

கேள்வி: நானும் என் மனைவியும் "இந்த சனி, ஞாயிறு லீவு மாதிரி இருப்போம்" என்று முடிவு செய்வோம். காலை பத்து மணிக்குப் பார்த்தால் அவள் துணி மடிக்கிறாள், நான் ஒட்டடை அடிக்கிறேன். எப்படித் தப்பிப்பது?
— ஒட்டடைக்காரன்

பதில்: வீட்டுக்குள் இருந்துகொண்டு தப்பிக்கவே முடியாது. வெளியூரில் இருக்கும்போது நம் வீட்டு ஒட்டடை கண்ணில் படுவதில்லை, அதுதான் வெளியூரின் பாதி மகிமை. அதனால் சனிக்கிழமை காலை ரயிலைப் பிடிக்கிறவர்கள் மாதிரி ஒரு நேரம் குறித்து, பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வெளியேறுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "போர் அடித்தால் வந்துவிடலாம்" என்று வைத்துக்கொண்டால் போர் அடிக்கத்தான் செய்யும். அக்கம்பக்கத்தில் கேட்டால் "ஊரில் இல்லை" என்று சொல்லிக்கொள்ளுங்கள், பாவம் ஒன்றும் வராது.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த கேசி மொகில்னர் ஹோம்ஸ் குழுவினர் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் "இந்த வார இறுதியை விடுமுறைப் பயணம் போல நடத்துங்கள்" என்றார்கள், இன்னொரு பகுதியினரிடம் "எப்போதும் போல இருங்கள்" என்றார்கள். திங்கட்கிழமை விசாரித்தால் முதல் வகையினர் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 2020-ல் வெளிவந்த ஆய்வு. வீட்டுவேலையைக் குறைத்தது, கூடுதலாகப் படுத்துக் கிடந்தது எல்லாம் இருந்தது. ஆனால் முக்கியக் காரணமாக அவர்கள் சொல்வது, அந்தந்த நேரத்தில் மனம் அங்கேயே இருந்தது என்பதை. ஒட்டடைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அது நடக்காது, ஐயா.

கேள்வி: டீச்சர், எனக்கு எங்க ஏரியாவில் எல்லாத் தெருவும் தெரியும். சைக்கிளில் சுத்தியாச்சு. புதுசா ஒண்ணும் இல்லை. சும்மா நடக்கச் சொன்னா போர்.
— ஏழாம் வகுப்பு மாணவி

பதில்: அம்மாடி, எல்லாத் தெருவும் தெரியுமா? அப்படியானால் உனக்கு ஒரு புதிர். உன் பகுதியின் எல்லாத் தெருக்களிலும் போக வேண்டும், ஆனால் எந்தத் தெருவிலும் இரண்டாம் முறை போகக் கூடாது. முடியுமா? முதலில் பேப்பரில் போட்டுப் பார்.

இது உன்னை மாதிரி சும்மா நடந்தவர்கள் கிளப்பிய கேள்விதான். கோனிக்ஸ்பர்க் என்று ஒரு ஊர், இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட். நடுவில் பிரேகல் ஆறு, ஆற்றில் தீவு, எல்லாவற்றையும் இணைக்க ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊர் முழுக்க நடந்து வர முடியுமா என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1735-ல் லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை, முடியாது என்று நிரூபித்தார். அதிலிருந்து கணிதத்தில் ஒரு தனிப் பிரிவே முளைத்தது.

அவர் யோசித்தது உனக்கும் புரியும். ஒரு முக்கில் நீ ஒரு தெரு வழியாக உள்ளே வந்தால் இன்னொரு தெரு வழியாக வெளியேற வேண்டும். ஆக, அந்த முக்கின் தெருக்கள் வர ஒன்று, போக ஒன்று என்று ஜோடி சேர வேண்டும். மூன்று தெரு சேரும் முக்கில் ஒன்று ஜோடியில்லாமல் நின்றுவிடும். அப்படிப்பட்ட முக்கு உன் நடையின் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டும்தான் இருக்க முடியும். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. அதனால் ஒற்றைப்படையாகத் தெரு சேரும் முக்குகள் இரண்டுக்கு மேல் இருந்தால் புதிர் தோற்றது. கோனிக்ஸ்பர்க்கில் நான்கு நிலத்துண்டுகள். தீவிலிருந்து ஐந்து பாலம், மற்ற மூன்றிலிருந்து மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை.

இப்போது உன் வரைபடத்தில் எண்ணு. நாலு முக்கு ஓகே. மூன்று தெரு சேரும் முச்சந்தி ஒற்றைப்படை. முட்டுச்சந்தின் முனையும் ஒற்றைப்படை, அங்கே ஒரு தெருதானே! அநேகமாக உன் பகுதியிலும் முடியாது என்றுதான் வரும். உடனே மூடி வைத்துவிடாதே. முடியாது என்றால், மிகக் குறைவாகத் திரும்ப நடந்து எல்லாத் தெருவையும் முடிக்கும் வழி எது? குவான் மெய்கோ என்ற சீனக் கணிதவியலாளர் 1960-ல் எழுப்பிய கேள்வி இது. தபால்காரருக்கும் குப்பை வண்டிக்கும் தினமும் இதே பிரச்சினைதான். உனக்கு வந்த வழியைத் தபால்காரரிடம் காட்டு. அவர் சிரித்தால் ஏன் என்று கேள்.

அப்புறம் நிஜமாக நடந்து பார். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஆள் மட்டும் நுழைகிற சந்து ஒன்று வரைபடத்தில் விட்டுப்போயிருக்கும். அந்த ஒரு சந்தைச் சேர்த்தால் உன் கணக்கே மாறிவிடும். எல்லாத் தெருவும் தெரியும் என்றாயே, அந்தச் சந்து தெரியுமா? யாராவது பெரியவரைக் கூட அழைத்துக்கொண்டு போ. என்ன விடை வந்தது என்று எனக்கு எழுது.

கேள்வி: உங்கள் பதில்களைப் படித்தால், காசில்லாதவனுக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் இருக்கிறது. கடல் பார்க்க ஆசைப்படுகிறவனிடம் சாக்கடையைப் பார் என்கிறீர்கள். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றா?
— கோபக்கார வாசகர்

பதில்: ஒன்றில்லை. கடல் கடல்தான், மலை மலைதான். முதல் முறை பனி பார்க்கிற பிள்ளையின் முகத்துக்கு எந்தத் தெருவும் ஈடாகாது. பணம் இருக்கும்போது போய்விட்டு வாருங்கள், ஒரு வார்த்தை தடுக்க மாட்டேன்.

நான் சொல்வது வேறு. போக முடியாத வருஷத்தில் விடுமுறையே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். தூரப் பயணத்தில் கிடைக்கும் எல்லாம் பக்கத்தில் கிடைக்காது. ஆனால் அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்று தெரியாமல் நடக்கிற அந்தச் சின்னக் குறுகுறுப்பு, அது கிடைக்கும். அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை. கோபம் தணியாவிட்டால் இன்னொரு கடிதம் போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: உள்ளூரிலேயே ஒரு நல்ல ஹோட்டலில் இரண்டு நாள் தங்கினால் என்ன? இதற்கென்றே பேக்கேஜ் விளம்பரம் வருகிறதே.
— பெயர் வேண்டாம்

பதில்: உங்களுக்கு வேண்டியது வேறு யாராவது படுக்கை விரித்து, தட்டு கழுவ வேண்டும் என்பதானால் தாராளமாகப் போங்கள், அதுவும் நியாயமான ஆசைதான். குறிப்பாக வீட்டில் தினமும் தட்டு கழுவுகிறவர் அதைக் கேட்டால் மறுக்காதீர்கள். ஆனால் செலவு குறைவு என்று நினைத்துப் போகாதீர்கள். பயணச் செலவில் பெரிய தலைகள் மூன்று: போக்குவரத்து, தங்கல், வெளிச்சாப்பாடு. இந்தத் திட்டத்தில் முதல் தலை மட்டும்தான் விழுகிறது. என் யோசனை, மிச்சமாகும் காசில் எதையாவது ஒன்றே ஒன்றுக்கு மனம் நிறையச் செலவழியுங்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சத்தனம் பண்ணினால் விடுமுறை கசந்துவிடும்.

கேள்வி: பிள்ளைகளிடம் சொல்லாமல் வைத்திருந்து அன்று காலை சர்ப்ரைஸாகக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
— ஓர் அப்பா

பதில்: வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெதர்லாந்தில் 1,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், சுற்றுலா போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்புதான் மற்றவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்தபிறகு பெரும்பாலும் வித்தியாசமே இல்லை. மிக நிதானமாக ஓய்வெடுத்துவிட்டு வந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காத்திருக்கிற சந்தோஷம் இலவசம், அதைப் போய் ஏன் பறிக்கிறீர்கள்? தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எங்கே திரும்புவது, எங்கே உட்காருவது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஷிஃப்ட் வேலை. முழுநாள் லீவு என்பதே கிடையாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். இதில் என்ன பயணம்?
— ராத்திரி ஷிஃப்ட்காரர்

பதில்: துண்டு துண்டாகவே போதும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவலை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது மரம், செடி, நீர்நிலை என்று இயற்கைச் சூழலில் இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டது. ஒரேயடியாக இரண்டு மணி நேரமா, பல துண்டுகளா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. (நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்று யாராவது கேட்டால், அதுவும் நியாயமான சந்தேகம்தான்.) ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் திரும்புகிறீர்கள் அல்லவா? இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, தெரியாத தெரு வழியாக வீட்டுக்குப் போங்கள். மற்றவர்கள் அலாரம் வைத்து எழுந்தால்தான் பார்க்க முடிகிற நேரம் உங்களுக்குச் சும்மாவே கிடைக்கிறது.

கேள்வி: என் அம்மாவால் அதிகம் நடக்க முடியாது. அவரை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் சுற்றவும் மனமில்லை.
— ஒரு மகன்

பதில்: நடக்கிறவர்கள் நடக்கட்டும், அம்மா உட்காரட்டும். ஆனால் சும்மா உட்கார வைக்காதீர்கள், வேலை கொடுங்கள். மரம் இருக்கிற இடமாகப் பார்த்து, சாய்ந்து உட்காரத் தோதான பெஞ்சில் அமர்த்தி, பதினைந்து நிமிடத்தில் எத்தனை வகைப் பறவை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1998-ல் தொடங்கிய ‘கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்’ என்ற கணக்கெடுப்பு ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான்கு நாள் நடக்கிறது. இன்று உலகம் முழுக்க மக்கள் கலந்துகொள்கிறார்கள். நிபந்தனை அவ்வளவேதான்: பதினைந்து நிமிடமாவது பார்த்து, கண்டதைப் பதிவு செய்ய வேண்டும். பறவைக்குப் பெயர் தெரியாவிட்டால், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம். பல பறவைகளின் குரலைக் கேட்டே யார் என்று சொல்லும். கண் மங்கியவர்களுக்குக் காதால் எண்ணுவது இன்னும் பிடித்துப்போகும்.

இன்னொன்று, கூட்டமில்லாத நேரத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்த்தி, நீங்கள் இதுவரை இறங்கியே இராத கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவது. வழியெல்லாம் "இங்கே அப்போ என்ன இருந்தது தெரியுமா" என்று அவர் சொல்லத் தொடங்கினால், போனை உள்ளே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியின் பழைய கதையைச் சொல்ல ஆளில்லை. புத்தகமும் கிடையாது. வெறுமனே கட்டடங்களைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது?
— வரலாற்று ஆர்வலர்

பதில்: வானத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறதே! பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-ல் ஏவப்பட்டது. கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ் பகுதியில் 1984 முதல் உங்கள் பகுதி எப்படி மாறியது என்று வருடம் வருடமாக ஓடவிட்டுப் பார்க்கலாம். பழைய படம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் எங்கே பச்சை இருந்தது, எங்கே நீர் இருந்தது, எந்தச் சாலை புதியது என்று தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு போய் அங்கே நின்று பாருங்கள். அந்த இடத்தின் மிக வயதான குடியிருப்பாளரிடம் "இது முன்னே என்னவாக இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பத்து நிமிடத்தில் கிளம்ப முடிந்தால் உங்கள் சாமர்த்தியம்.

கேட்டதைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்ட பிறகு, அண்டை வீட்டார் ஐந்தாறு பேரை நீங்களே அழைத்துப் போகலாம். நகரங்களைப் பற்றி ஆழமாகச் சிந்தித்த ஜேன் ஜேக்கப்ஸ் 2006-ல் இறந்தார். மறு வருடம் அவருடைய நினைவாக டொரோன்டோவில் நண்பர்கள் ஆரம்பித்ததுதான் ‘ஜேன்ஸ் வாக்’. நிபுணர் தேவையில்லை, கட்டணம் இல்லை. அந்தந்தப் பகுதியில் குடியிருக்கிறவரே முன்னால் நடந்து தெரிந்ததைச் சொல்வார், மற்றவர்கள் திருத்துவார்கள், சேர்ப்பார்கள். மே மாதத் தொடக்கத்தில் பல நாடுகளின் நகரங்களில் இது நடக்கிறது. மே வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அருங்காட்சியகம், பூங்கா, நூலகம் எல்லாம் பார்த்தாயிற்று. இனி?
— பார்த்து முடித்தவர்

பதில்: அதே இடத்துக்கு வேறு நேரத்தில் போங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்த்த இடத்தை விடிவதற்கு முன் பார்த்தால் அது வேறு ஊர்.

பௌர்ணமி அன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். எழும் கணத்திலேயே அதைப் பார்க்க, கட்டடமும் மரமும் மறைக்காத கிழக்கு அடிவானம் வேண்டும். உங்கள் வட்டத்துக்குள் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? மேம்பாலமா, மேடா, யாருடைய மொட்டை மாடியா? இதைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் வேண்டும். மறுநாள் நிலா சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாக வரும் (இது சராசரிக் கணக்கு, இடத்தையும் பருவத்தையும் பொறுத்துக் கூடும், குறையும்). அதற்குள் இருட்டியிருக்கும், காட்சியே வேறு.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. அந்தி மங்கிய கொஞ்ச நேரத்திலோ விடிவதற்குச் சற்று முன்போதான் கண்ணுக்குத் தெரியும். நாம் இருட்டில் நிற்க வேண்டும், அதன்மேல் வெயில் பட வேண்டும், அதனால். மினுக்காமல், சத்தமில்லாமல், சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும். உங்கள் பகுதிக்கு எப்போது வரும் என்று சொல்ல நாசா ஒரு செயலியே வைத்திருக்கிறது.

வீட்டுத் தோட்டத்திலிருந்து என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக் கலைஞராகப் பிழைத்துவந்த வில்லியம் ஹெர்ஷல், 1781 மார்ச் 13 அன்று தன் வீட்டுத் தோட்டத்தில் தானே செய்த தொலைநோக்கியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யுரேனஸ் அகப்பட்டது. முதலில் வால்மீன் என்றே நினைத்தார். அவருக்கு உதவிய தங்கை கரோலின் பின்னாளில் எட்டு வால்மீன்களைக் கண்டுபிடித்தார். அந்தத் தோட்டத்துக்குப் போக அவர்கள் எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்தார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாக நடக்க ஆசை. ஆனால் தெரியாத தெருவில் ஒரு பெண் நின்று வேடிக்கை பார்த்தால் நாலு பேர் நம்மை வேடிக்கை பார்க்கிறார்கள்.
— தனியாக வாழும் வாசகி

பதில்: கையில் வரைபடமும் பென்சிலும் இருந்தால் பாதிப் பேர் உங்களை ஏதோ சர்வே எடுக்க வந்தவர் என்று ஒதுங்கிப் போவார்கள், என் அனுபவம். வேண்டுமானால் நிஜமாகவே சர்வே எடுங்கள். ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்று 2004-ல் தொடங்கிய வரைபடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். பெஞ்ச், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, படிக்கட்டு, விட்டுப்போன சந்து என்று கண்டதைச் சேர்க்கலாம். நிற்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

மற்றபடி, புதுத் தெருவை முதல் முறை பகலில் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு தெரு பிடிக்கவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
— பட்டியல் பிரியர்

பதில்: தண்ணீர், தொப்பி அல்லது குடை, வரைபடம், பென்சில், கடிக்க ஏதாவது. பழகிய செருப்பு போதும், புதுச் செருப்பை அன்றைக்கென்று எடுக்காதீர்கள். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றை யாரும் எழுதுவதில்லை: வழியில் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போனால் எந்தப் பக்கம் நடப்பது என்பதை முடிவு செய்யப்போவது அதுதான்.